ஆறாவது வருடத்துக்குத் தாள் கிடையாது: எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய பசியும் அளவும்

எடைக்குறைப்பு அறுவை முடிந்த முதல் மாதங்களில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இவ்வளவுதான் சாப்பிட முடியுமா?" மூன்றாம் நான்காம் வருடத்தில் அதே ஆட்கள், "இவ்வளவு சாப்பிட முடிகிறதே, பை விரிந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு நம்மை யாரும் தயார்படுத்துவதில்லை. டிஸ்சார்ஜ் அன்று கையில் தரும் உணவுத்தாள் திரவத்தில் தொடங்கி, கூழ், மென்மையான உணவு என்று சில வாரங்களோடு முடிந்துவிடும். ஆறாவது வருடத்துக்குத் தாள் கிடையாது.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம், பாதி பயம் அதிலேயே அடங்கும். ஸ்லீவ் என்ற வகை அறுவை செய்தவர்களுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய்போல் விட்டிருப்பார்கள். அதன் ஆரம்பக் கொள்ளளவு ஏறக்குறைய 100 முதல் 150 மி.லி. பைபாஸ் என்ற வகையில் இரைப்பையின் மேலே 30 மி.லி. அளவுக்குள் ஒரு சின்னப் பையை ஒதுக்கி, சிறுகுடலை நேராக அதில் இணைத்திருப்பார்கள். முதல் வாரங்களில் நாலைந்து ஸ்பூனே மலைப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் அரைக் கப், முக்கால் கப். ஒரு வருடம் தாண்டினால் ஒரு கப் போகும். பல வருடங்கள் கழித்து ஒரு வேளைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக் கப், அதாவது 250 முதல் 350 மி.லி. வரை சாப்பிட முடிந்தால் அது கோளாறு இல்லை. வீக்கம் வற்றுகிறது, தழும்பு இளகுகிறது, இரைப்பைச் சுவர் கொஞ்சம் நெகிழ்கிறது. பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்புக்குக் கீழே உள்ள குடலும் உணவுக்கு இடம் கொடுக்கப் பழகிக்கொள்கிறது. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அறுவையே திட்டமிடப்படுகிறது. முதல் வருட அளவை வாழ்நாள் அளவு என்று நினைத்தவர்கள்தான் பிறகு குற்ற உணர்ச்சியில் தவிக்கிறார்கள்.

பசியின் கணக்கு வேறு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல் குவிந்த பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதியைத்தான். பைபாஸில் உணவு சீக்கிரமே சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேர்வதால், போதும் என்று சொல்லும் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். போன்ற ஹார்மோன்கள் சாப்பிட்டவுடன் எகிறுகின்றன. முதல் வருடம் பலருக்குப் பசி என்றால் என்ன என்பதே மறந்துபோவது இதனால்தான். ஆனால் எடை இறங்க இறங்க உடல் அதைப் பஞ்சமாக எடுத்துக்கொண்டு, எரிக்கும் கலோரியைக் குறைத்துப் பசியைக் கூட்டும். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி அறுவை ஆனவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்விலும் இந்தப் பாதைதான் தெரிந்தது. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டது. பிறகு மெதுவாகச் சிறிது ஏறி, எட்டு முதல் பத்து வருடத்தில் ஒரு நிலைக்கு வந்தது. ஆகவே நான்காம் வருடத்தில் பசி திரும்புவதற்கு உங்கள் மன உறுதி தளர்ந்ததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வருவதெல்லாம் பசியும் இல்லை. அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் மேல்வயிறு காந்துகிறது, இரண்டு வாய் போட்டால் அடங்குகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் அது அமிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்லீவ் ஆனவர்களுக்கு எதுக்களிப்பு சகஜம். அதைப் பசி என்று நினைத்து நாள் முழுக்கக் கொறிப்பவர்கள் நிறைய. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அமிலக் குறைப்பு மாத்திரையைச் சில வாரம் எடுத்ததும் "பசி" காணாமல் போனால் விடை கிடைத்துவிட்டது. பைபாஸ் ஆனவர்களுக்கு இதே இடத்தில் குடைகிற வலி வந்தால், இணைப்பில் புண் இருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்க்க வேண்டும். புகைபிடிப்பதும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளும் அந்தப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள்.

சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துத் திடீரென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, இனிப்பு உடனே வேண்டும் என்ற வெறி வந்தால் அது சர்க்கரை இறங்குவது. பைபாஸ் ஆனவர்களுக்கு இது பெரும்பாலும் முதல் வருடம் முடிந்த பிறகே தலைகாட்டும். மாவுச்சத்தோ இனிப்போ வேகமாகக் குடலில் இறங்கி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரையைக் கீழே தள்ளிவிடுகிறது. குளூக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது அரைக் கப் பழச்சாறு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்போ சாப்பிட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெறும் இனிப்போடு நிறுத்தினால் அதே சுற்று மறுபடி தொடங்கும். பிறகு மணிக்கு ஒருமுறை இனிப்பு தேடும் பழக்கமாகி, எடையும் ஏறும். அடிக்கடி வந்தால், குறிப்பாக மயக்கமோ குழப்பமோ வந்தால், மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசையும் ஒன்று உண்டு. வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் இரும்புச்சத்துக் குறைவுக்கு அது பழைய அடையாளம். உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் பலருக்கும் உதவும் எளிய சோதனை, வேகவைத்த முட்டை. உப்பு மட்டும் போட்ட ஒரு முட்டை இப்போது இறங்கும் என்றால் பசிதான், சாப்பிடுங்கள். முட்டை வேண்டாம், பிஸ்கட் இருந்தால் பரவாயில்லை என்று தோன்றினால் அது வயிற்றிலிருந்து வரவில்லை.

பிஸ்கட் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். பல வருடம் கழித்து எடை ஏறுவதற்குப் பை விரிவதைவிட, வழுக்கிக்கொண்டு போகும் உணவுகள்தான் பெரும்பாலும் காரணம். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 165 கலோரி, 30 கிராம் புரதம். அதை மென்று தின்ன இருபது நிமிடம் ஆகும், பாதியிலேயே நெஞ்சுக்குழியில் கனம் தெரியும், அடுத்த மூன்று நான்கு மணி நேரம் பசி எட்டிப் பார்க்காது. 100 கிராம் பிஸ்கட்டில் 450 கலோரிக்குக் குறையாது. எச்சிலில் கரைந்து கூழாகி, பையில் நிற்காமல் இறங்கிவிடும். பத்து நிமிடத்தில் முடியும், ஒரு மணி நேரத்தில் மறுபடி இடம் இருக்கும். சிப்ஸ், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட பால் காபி எல்லாம் இதே ரகம். இரைப்பையின் கட்டுப்பாடு திட உணவுக்கு மட்டும்தான். கரைவதற்கு அது வாசல் திறந்தே வைத்திருக்கிறது. தண்ணீர் மளமளவென்று இறங்குவதை வைத்துப் பை பெரிதாகிவிட்டது என்று முடிவுகட்டுவதும் இதனாலேயே தப்பு. ஐந்து நாள் திரவ உணவுக்குத் திரும்பினால் பை சுருங்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். இனிப்பு ஆசை கொஞ்சம் அடங்கலாம், ஆனால் பை சிறிதாகாது.

சந்தேகம் வந்தால் பதினான்கு நாள் எழுதிப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. சமையலறைத் தராசு ஒன்று, நோட்டு ஒன்று. என்ன உணவு, எத்தனை கிராம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் முடிந்தது, ஏன் நிறுத்தினீர்கள், அடுத்த பசி எத்தனை மணிக்கு. ஏன் நிறுத்தினீர்கள் என்ற பகுதியைக் காலியாக விடாதீர்கள்: கனம் தெரிந்தது, தட்டு காலியானது, வலித்தது என்று ஒரே சொல் போதும். "தட்டு காலி" என்றே வரிசையாக வந்தால், நிறுத்தியது வயிறு இல்லை, தட்டு. எழுதத் தொடங்கியதும் எல்லோரும் தம்மை அறியாமல் ஒழுங்காகிவிடுவார்கள் என்பதால் முதல் மூன்று நாளைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். இன்னொரு வழக்கமான தவறு, ஒரு நாள் சமைப்பதற்கு முன்னும் மறுநாள் சமைத்த பிறகும் நிறுப்பது. 100 கிராம் உலர் பருப்பு வெந்ததும் இரண்டரை மடங்கு ஆகிவிடும். எப்போதும் சமைத்த பிறகே நிறுங்கள்.

திட புரதத்தோடு தொடங்கிய வேளைக்குப் பிறகு பசி மூன்று மணி நேரம் தாண்டி வருகிறது, அளவு ஒன்றரைக் கப்புக்குள் நிற்கிறது என்றால் உங்கள் இரைப்பை தன் வேலையைச் செய்கிறது. மாற்ற வேண்டியது தட்டைத்தான். முதலில் 90 முதல் 120 கிராம் புரத உணவு, பிறகு காய்கறி, இடம் மிச்சம் இருந்தால் மாவுச்சத்து. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் குறைந்தபட்சம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு வேளையிலேயே எட்டிவிடும். சைவத்தில் கடினம்: வெந்த பருப்பு 150 கிராமில் சுமார் 13 கிராம், வடிகட்டிய கெட்டித் தயிர் 150 கிராமில் 15 கிராம் அளவில்தான் தேறும். எனவே புரோட்டீன் பவுடரை ஐந்தாம் வருடத்திலும் வெட்கப்படாமல் வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்தச் சொல்லும் அறிகுறிகளும் அறுவைக்குப் பின் வருடங்கள் போகப் போக மென்மையாகிவிடும். முதல் வருடத்தில் ஒரு வாய் கூடினால் நெஞ்சை அடைக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். பின்னாளில் வருவது சின்ன விக்கல், மூக்கில் நீர், ஒரு பெருமூச்சு, கை தானாக ஸ்பூனைக் கீழே வைப்பது. அதற்கும் உண்மையான கனத்துக்கும் நடுவில் ஐந்தாறு ஸ்பூன் இடைவெளி இருக்கிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அந்த ஐந்தாறு ஸ்பூன் உள்ளே போய்விடும். ஒரு வேளைக்கு இருபதிலிருந்து முப்பது நிமிடம், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் திரவம் இல்லை என்ற பழைய விதிகள் அலுப்பானவைதான். ஆனால் நோட்டில் பெரும்பாலும் மாட்டுவது இவைதான்.

சில மாற்றங்களுக்கு நோட்டு போதாது. பைபாஸ் ஆனவர் ஒருவருக்கு ஒன்றிரண்டு மாதத்துக்குள் அளவு சட்டென்று இரட்டிப்பானால், ஒதுக்கிய பைக்கும் பழைய இரைப்பைக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம், அல்லது குடல் இணைப்பின் வாய் அகன்றிருக்கலாம். ஸ்லீவில் மேல் பகுதி முழுதாக எடுபடாமல் தங்கி, பிறகு உப்பியிருக்கலாம். மருந்து குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோபியும் காட்டிக்கொடுக்கும். அகன்ற வாயை எண்டோஸ்கோபி வழியாகவே தைத்துச் சுருக்க முடியும். மறு அறுவை என்றால் முதல் அறுவையைவிட ஆபத்து கூடுதல், அவசரப்படாதீர்கள். புதிதாகத் தொடங்கிய மருந்துகளையும் பாருங்கள்: ஸ்டீராய்டு, இன்சுலின், மனநல மருந்துகளான மிர்ட்டாசபின், ஓலான்சபின் போன்றவை பசியைக் கிளப்பும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று உண்டா என்று கேளுங்கள். பசியைக் குறைக்கும் லிராகுளுடைட், செமாகுளுடைட் ஊசிகள் இப்போது அறுவை ஆனவர்களுக்கும் எழுதப்படுகின்றன. அவற்றால் அளவு மறுபடி அரைக் கப்புக்கு இறங்கலாம் என்பதால் புரதம், தண்ணீர் இரண்டையும் எண்ணிச் சாப்பிட வேண்டும்.

தலைகீழான மாற்றம் இன்னும் ஆபத்து. பல வருடம் நன்றாகச் சாப்பிட்டவர் திடீரென்று சாப்பிட முடியாமல் போவதை "நல்லதுதானே, எடை குறையும்" என்று விடக்கூடாது. பைபாஸ் ஆனவருக்குச் சாப்பிட்டதும் முறுக்கிப் பிடிக்கும் வயிற்று வலி, முதுகுவரை போகிறது என்றால் குடல் உள்ளேயே இடைவெளியில் சிக்கியிருக்கலாம். அன்றே அவசரப் பிரிவு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி என்றால் வைட்டமின் பி1 வேகமாகத் தீர்ந்துபோகும். தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம் வந்தபின் சிகிச்சை கொடுத்தாலும் எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் தயமின் (அதாவது பி1) போடும்படி நீங்களே கேட்க வேண்டும், உங்களுக்கு அறுவை நடந்தது அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

அளவு கூடியதால் சத்து மாத்திரை வேண்டாம் என்று பலர் நிறுத்துவது நான்காம் ஐந்தாம் வருடத்தில்தான். வயிறு நிறைவது வேறு, உறிஞ்சுவது வேறு. சிட்ரேட் வடிவில் கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு தடவைக்கு 600-ஐத் தாண்டாமல் பிரித்து. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி, இல்லையென்றால் ஒன்றை ஒன்று தடுக்கும். பி12, டி, ஃபெரிட்டின் ஆகியவற்றுக்கு வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பதினான்கு நாள் நோட்டோடு, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் எடுத்துப் போங்கள். எந்த அறுவை, எந்த வருடம், பைபாஸ் என்றால் குடலில் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இணைத்தார்கள் என்பது அதில் இருக்கும். இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், வருடங்கள் போகப் போகப் பழைய பதிவுகளைத் தேடி எடுப்பது சிரமம்.