காவேரிப்பட்டணத்து ஆத்தோரம்

வெளியூர்க்காரங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, காவேரி உங்க ஊர்ல எங்கப்பா ஓடுதுன்னு. காவேரி இல்லைங்க, எங்க ஊர்ல ஓடுறது தென்பெண்ணை. கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி பக்கத்துல இருக்குற கேஆர்பி அணை தாண்டி நம்மகிட்ட வருது.

இந்த ஆத்தங்கரை சின்ன ஊரேன்னு நெனைக்காதீங்க, 1767ல முதல் மைசூர் போர் நடந்தப்போ இங்க இருந்த கோட்டைக்காக ஹைதர் அலியும் வெள்ளக்காரனும் அடிச்சுக்கிட்டாங்க, இன்னைக்கு எத்தன பசங்களுக்கு அது தெரியும்னு நெனச்சா வருத்தமா இருக்கு. அப்புறம் 1958ல கேஆர்பி அணை பயன்பாட்டுக்கு வந்துச்சு, வயல் பச்சையாச்சு. மாந்தோப்பு, மண்டி, மாங்கூழ் ஃபேக்டரின்னு ஊரே மாறிப்போச்சு, சீசன்ல தெருவுக்குள்ள நுழைஞ்சாலே மாம்பழ வாசனைதான்.

எங்க ஆயா கோடைல ஆத்து மணல்ல ஊத்து தோண்டும். முழங்கை ஆழம் போனதும் தண்ணி கசியும், மொதல்ல கலங்கலா வர்றத தேங்கா ஓட்டால மொண்டு கொட்டிட்டு, தெளிஞ்சதும் குடத்துல மெதுவா ஊத்தும், அந்தத் தண்ணி ருசி இன்னும் நாக்குல இருக்கு. இப்போ அதே எடத்துல ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் கவரும்தான் கெடக்கு, மேல இருந்து வர்ற கழிவத் தடுக்காம இங்க மட்டும் அள்ளி என்ன பண்றது சொல்லுங்க?

சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மனுக்கு நடக்குற மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு இன்னும் ஊரே ஆத்துலதான் கூடுது. இந்த வருஷம் எம் பொண்ண கூட்டிட்டுப் போயி ஆயா ஊத்து தோண்டுன எடத்தக் காட்டுனேன்.