காரணம் தெரியாத கோபம்

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று, ஆழ்வார்புரம் கரையில் கூட்டத்துக்கு நடுவே நின்றபடி என் அம்மா அப்பாவிடம் சொன்ன ஒரு வார்த்தை முப்பது ஆண்டுகளாகியும் எனக்கு மறக்கவில்லை. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்டு வந்த அழகர், தாம் வருமுன்பே தாலி கட்டியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஊருக்குள் காலெடுத்து வைக்காமல் வைகையோடு வண்டியூருக்குப் போய்விட்டார் என்பது மதுரையில் பிள்ளைகளும் அறிந்த கதை. "அழகர் எதுக்குக் கோவிச்சுக்கிட்டாருன்னு ஊருக்கே தெரியுது. உங்க கோவம் எதுக்குன்னு எனக்குக்கூடத் தெரியலையேங்க" என்றார் அம்மா. அப்பா பதில் சொல்லவில்லை.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய அப்பா, நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் ஊரைவிட்டே போய்விட, அசலும் வட்டியும் அப்பாவின் தலையில் விழுந்தன. வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குழம்பில் உப்புக் கூடியதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுவார். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பார்.

தீராத கவலையையும் உடல் ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரந்து, இதயம் விரைந்து துடித்து, தசைகள் இறுகுவது சற்று நேர ஆபத்தைச் சமாளிக்க உதவும் ஏற்பாடு. அதே நிலை மாதக்கணக்கில் நீண்டால் தூக்கம் கெடுகிறது, பொறுமை தேய்கிறது. உரியவர்மேல் காட்ட முடியாத கோபம் எதிர்த்துப் பேசாதவர்கள்மேல் இறங்குவதைச் சிக்மண்ட் ஃப்ராய்ட் காலந்தொட்டு உளவியலார் 'இடப்பெயர்ச்சி' என்கிறார்கள்.

அப்பாவின் கோபத்தையாவது பொறுத்துக்கொண்டோம். ஆனால் காரணம் தெரியாததால் ஆளுக்கொரு காரணத்தை நாங்களே கற்பித்துக்கொண்டோம். அதை நினைத்தால்தான் இன்றும் மனம் அறுக்கிறது. மேலூரிலிருந்து தம்பி அடிக்கடி வந்து தங்குவது கணவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அம்மா தாமாகவே முடிவுகட்டி, அவரை அழைப்பதைக் குறைத்துக்கொண்டார். மாமாவோ, கையில் காசில்லாத காலத்தில் அக்கா வீட்டில் தமக்கு மதிப்புப் போயிற்று என்று எண்ணிவிட்டார். என் தங்கையின் காதுகுத்துக்கு வந்தவர், தாய்மாமன் முறைக்கு மடியில் வைத்துக் காது குத்தி முடிந்ததும், சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

கடன் விஷயம் வெளிவர நான்கு ஆண்டுகளாயின. அம்மா மேலூருக்கே போய் எல்லாவற்றையும் சொன்னார். மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். ஆனால் பழையபடி எங்கள் வீட்டில் வந்து தங்கவே இல்லை.

சென்ற ஆண்டு என் வேலை நிலைக்குமா என்று தெரியாமல் மூன்று மாதம் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தேன். நான் கூப்பிட்டால் மகள் நிலைப்படியிலேயே நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள் என்பதை ஒருநாள் கவனித்தேன். அன்றிரவே மனைவியிடமும் அவளிடமும் உள்ளதைச் சொன்னேன். பத்து வயதுக்குப் புரிகிற அளவில்தான் சொன்னேன்.

கேட்டு முடித்தவள், "அப்போ ரேங்க் கார்டுல மார்க் கம்மியா இருந்ததுக்கு இல்லையாப்பா?" என்றாள். அந்த ரேங்க் கார்டில் நான் கையெழுத்துப் போட்டதே எனக்கு நினைவில்லை.