இந்த பேண்ட் போதும் சார்

வெள்ளிக்கிழமைகளில் வேட்டி கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போக ஆரம்பித்தபோது, எல்லாரும் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, வேட்டியின் கரையை. கறுப்பு சிவப்பு என்றால் தி.மு.க., நடுவில் வெள்ளை இருந்தால் அ.தி.மு.க. நம்மூரில் கரை என்பது கட்சியின் உறுப்பினர் அட்டை. அரசு ஊழியருக்குக் கட்சி கூடாதே! தேடிப்பிடித்து மெல்லிய ஜரிகைக் கரை வாங்கினேன்.

விதிப்படி ஒரு தடையும் இல்லை. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-ல் வந்த உடை உத்தரவே பேண்ட் சட்டையோடு தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையும் அனுமதித்தது. பெண்களுக்குச் சேலை, சுடிதார். சுடிதாருக்குத் துப்பட்டா கட்டாயம். அதற்கு முன் 2014-ல், வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை என்று பெரிய சர்ச்சையாகி, வேட்டிக்குத் தடை போட்டால் தண்டனை என்று சட்டசபையில் சட்டமே போட்டார்கள். அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் பிரிவில் ஒரு உதவியாளர். இஸ்திரி போட்ட சட்டையை டக்-இன் பண்ணி, பெல்ட், ஷூ என்று தினமும் ஒரே மாதிரி வருவார். மே மாத வெயிலிலும் அப்படித்தான். ஒருநாள் டீக்கடையில், "நீங்களும் வெள்ளிக்கிழமை வேட்டியில வாங்களேன், நல்லா இருக்கும்" என்றேன். சிரித்தார். "உங்களுக்கு அது பெருமை சார். எங்க தாத்தாவை முழங்காலுக்கு மேலதான் கட்டவிட்டாங்க. எனக்கு இந்த பேண்ட் போதும்."

அவர் சொன்னது வெறும் குடும்பக் கதை இல்லை. 1930-ல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் போட்ட தடைகளில் ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது என்பதும் உண்டு. அம்பேத்கர் சிலைகள் கோட்டும் டையுமாக நிற்பதைப் பார்த்து, "நம்ம ஊர் உடையா இது?" என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். பட்டா மாறுதலுக்கு வரும் பெரியவர்களில் சிலர் படியேறும்போதே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்கள். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போய்விடும். வேறு சிலர் மடித்துக் கட்டியபடியே உள்ளே வந்து, "தம்பி, நம்ம ஃபைல் என்னாச்சு?" என்பார்கள். யார் எப்படி வருவார் என்பது பெரும்பாலும் ஊரில் அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. "துண்டு தோள்லயே இருக்கட்டும் ஐயா" என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு அது கூடுதல் சங்கடம்தான். இப்போதெல்லாம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வதோடு சரி.

நான் வேட்டியை விடவில்லை. பிடித்திருக்கிறது, கட்டுகிறேன். ஆனால் பொங்கல் விழாவுக்கு "ஆண்கள் அனைவரும் வேட்டி, பெண்கள் அனைவரும் பட்டுச்சேலை" என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தபோது, "விருப்பமுள்ளவர்கள்" என்று மாற்றச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு மாற்றினார்கள், ஆண்களுக்கான வரியில் மட்டும். பெண்களுக்கான வரிக்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.