இறங்குற சாப்பாடும் இறங்காத சாப்பாடும்

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல டயட்டீஷியனா வேலை பார்க்கிறேன். எடை குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கிறது எத்தனை கிலோ குறையும்னு. ஆபரேஷன் முடிஞ்சு வர்றப்ப அந்தப் பேச்சே இருக்காது, "சிக்கன் இறங்க மாட்டேங்குது, ரொட்டி நெஞ்சுலயே நிக்குது, நான் என்னதான் சாப்பிடறது"ன்னு ஆரம்பிப்பாங்க. 1860ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட கொள்ளுப்பேரப்பிள்ளைங்க இவங்க, பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், ஆனா தாத்தா, பெரியம்மா, ரசம், கறின்னு உறவும் சாப்பாடும் மட்டும் தமிழ்லயே நின்னு போச்சு, அதனால சாப்பாட்டுப் பேச்சு வந்தா நானும் அவங்களும் ஒரே ஊர்க்காரங்க ஆயிடுவோம்.

ஸ்லீவ் ஆபரேஷன்ல வயித்துல முக்கால் பங்குக்கு மேல எடுத்துட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயத்தான் விட்டு வைப்பாங்க. பைபாஸ்ல மேல சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்ன பை பண்ணி அத நேரா சிறுகுடலோட இணைச்சிடுவாங்க. சாதாரணமா ஒரு லிட்டருக்கு மேல விரியிற வயிறு அது, திடீர்னு இப்படி ஆனா ஒரு வாய் அதிகமானாலே தெரிஞ்சிடும். நெஞ்சுக்கு நடுவுல ஒரு அழுத்தம், வாயெல்லாம் எச்சில் ஊறும், அப்புறம் வெள்ளையா நுரை நுரையா வெளிய வரும், வந்ததும் சரியாப் போயிடும். புளிச்ச வாந்தி இல்ல இது, உள்ள போக வழியில்லாம நின்ன சாப்பாடு திரும்பி வருது, அவ்வளவுதான். முதல் தடவை வர்றப்ப பயந்துடுவாங்க.

டர்பன்காரங்களுக்கு இதுல தனி கஷ்டம் ஒண்ணு இருக்கு, அது பன்னி சௌ. 1940கள்ல இந்த ஊர் இந்தியர்கள் கிட்ட பிறந்த சாப்பாடு, வெள்ளை ரொட்டிய குடைஞ்சு உள்ள கறியோ சுகர் பீன்ஸோ ஊத்திக் கொடுப்பாங்க. குவார்ட்டர் மட்டன்னு சொன்னா கால் ரொட்டி. ஆபரேஷன் ஆனவங்களுக்கு இத விட மோசமா ஒண்ணு யோசிச்சு செய்யவே முடியாது, ஏன்னா மெத்துன்னு இருக்கிற ரொட்டி மெல்ல மெல்ல மறுபடியும் மாவு உருண்டையா ஆகி வாசல்லயே உக்காந்துக்கும், கூட நாரு நாரா மட்டன் வேற. மெல்லிசா வெட்டி மொறுமொறுன்னு டோஸ்ட் பண்ணின ரொட்டி பலருக்கு போகும். குழைவா வடிச்ச சோறு ரெண்டு ஸ்பூன் கூட போகும். பன்னி சௌ மட்டும் சிலரால மறுபடி சாப்பிடவே முடியறதில்ல, அதுக்காக என் ரூம்ல கண் கலங்கினவங்க இருக்காங்க, நான் சிரிக்கல.

ஆனா எனக்கு பயம் இறங்காத சாப்பாட்டப் பத்தி இல்ல, சுலபமா இறங்குற சாப்பாட்டப் பத்திதான். சிக்கன், முட்டை, கறி எல்லாம் நெஞ்சுல நிக்கும், சிப்ஸ் நிக்காது, வாயிலயே கரைஞ்சு போயிடும். ஐஸ்கிரீம், கஸ்டர்ட், சாக்லேட், டீல முக்கின மாரி பிஸ்கட் எல்லாம் வழுக்கிட்டு போகும், ஸ்லீவ் பண்ணினவங்களுக்கு ஒரு வலியும் கொடுக்காது. வலிச்சது கெட்டது வலிக்காதது நல்லதுன்னு மனசு தானா கணக்கு போட்டுக்குது, ஆறு ஏழு மாசத்துல பார்த்தா நாள் முழுக்க டீ பிஸ்கட், ராத்திரி கஸ்டர்ட், கேட்டா "எனக்கு புரோட்டீன் ஒத்துக்காது"ம்பாங்க. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் வேணும்ங்கிற இடத்துல இருபது கூட இருக்காது, முடி கொட்டும், படி ஏறினா மூச்சு வாங்கும், குறைஞ்சிட்டு இருந்த எடை அப்படியே நின்னு மெதுவா ஏற ஆரம்பிக்கும்.

அதனால நான் என்ன சாப்பிட்டீங்கன்னு முதல்ல கேக்கிறதில்ல, வேலையில பிரேக் எப்போன்னுதான் கேப்பேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிஷம் வேணும், கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டி கூழாகிற வரைக்கும் மெல்லணும், சாப்பாட்டோட தண்ணி கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் குடிக்கணும். சூப்பர்மார்க்கெட்ல கேஷியரா இருக்கிற பொண்ணுக்கு இத சொல்லிப் பாருங்க. டில்லுல, அதான் காசு வாங்குற கவுண்டர்ல, உக்காந்தா தண்ணி பாட்டில் வைக்க விட மாட்டாங்களாம், லஞ்ச்ல பாதி நேரம் மைக்ரோவேவ் வரிசையிலயே போயிடும், மிச்ச நேரத்துல அவசரமா நாலு வாய் போட்டா டாய்லெட்டுக்கு ஓடணும். சிக்கன் ஒத்துக்கலன்னு அவங்க சொல்றாங்க, எனக்கு என்னமோ அந்த வரிசைதான் ஒத்துக்கலன்னு தோணும். இந்த நாட்டு 1997 தொழிலாளர் சட்டப்படி தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்தா ஒரு மணி நேர சாப்பாட்டு இடைவெளி உண்டு, ஒப்பந்தம் போட்டு அரை மணியா குறைக்கலாம், பல பேர் கையெழுத்து போட்டது கூட ஞாபகம் இல்லாம இருக்காங்க. டாக்டர் கிட்ட சொல்லி மேனேஜருக்கு லெட்டர் வாங்கிக் கொடுப்போம், சில இடத்துல கேப்பாங்க.

லெட்டர்னாலே சிலர் வேணாம்பாங்க, ஏன்னா ஆபரேஷன் பண்ணினதே வேலையிடத்துல யாருக்கும் தெரியாது, பித்தப்பைன்னு சொல்லி லீவு போட்டிருப்பாங்க. சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு டீச்சர், ஸ்டாஃப் ரூம்ல யார் பிறந்தநாள்னாலும் ஒரு துண்டு கேக் வாங்கிட்டு அத பேப்பர்ல சுத்தி ஹேண்ட்பேக்ல வச்சுக்குவாங்களாம், வாயில வச்சா வாந்தி, வைக்கலன்னா கேள்வி. நான் அவங்கள யார்கிட்டயாவது சொல்லுங்கன்னு வற்புறுத்தல, அது அவங்க வயிறு அவங்க விஷயம்.

சிக்கன மறுபடி சாப்பாட்டுல கொண்டு வர்றதுக்கு ஒரு வழி இருக்கு. நெஞ்சுக்கறி வேணாம், தொடைக்கறி, நல்லா கிரேவியோட. நேத்து சமைச்சத மைக்ரோவேவ்ல வச்சு சூடு பண்ணினா கயிறு மாதிரி ஆயிடும், அதுதான் முக்கால்வாசி பேருக்கு நிக்குது. அதுக்கு முன்னாடி டின் ஃபிஷ்ல ஆரம்பிக்கலாம், தக்காளி சாஸ்ல ஊறின மீன், மெத்துன்னு இருக்கும், விலையும் கம்மி, நம்ம ஆளுங்க கறி வைக்கிற கை மணம் வேற. கடைஞ்ச மசூர் பருப்பு, இளசா கிளறின முட்டை. பைபாஸுக்கு அப்புறம் பால் குடிச்சா வயிறு உப்புறவங்களுக்கு இங்க கிடைக்கிற அமாசி, அதான் புளிச்ச பால், பெரும்பாலும் ஒத்துக்கும். ஒரு நேரத்துக்கு ஒரே புது சாப்பாடு, ஒத்துக்கலன்னா சில வாரம் விட்டு மறுபடி. ஜனவரில இறங்காதது ஜூன்ல இறங்கும், இத நம்ப வைக்கிறதுதான் என் வேலையில பாதி.

இனிப்புக் கதை வேற. பைபாஸ் பண்ணின ஒரு அம்மா கல்யாணத்துல சோஜி, அதான் ரவை இனிப்பு, ரெண்டு வாய் சாப்பிட்டு கால் மணி நேரத்துல வேர்த்து விறுவிறுத்து நெஞ்சு படபடன்னு அடிச்சு பேதியும் ஆகி, கண்ணு பட்டுடுச்சுன்னு வீட்ல சுத்திப் போட்டாங்களாம். சர்க்கரை மொத்தமா குடலுக்குள்ள போய் விழுந்தா உடம்பு தண்ணிய அங்க இழுக்கும், அதோட விளைவு, டம்பிங்னு பேரு. இன்னொண்ணு ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரம் கழிச்சு வரும், இன்சுலின் அதிகமா சுரந்து சர்க்கரை தடால்னு இறங்கிடும். என்3 ரோட்ல ஜொஹான்னஸ்பர்க்குக்கு லாரி ஓட்டுற ஒரு அண்ணனுக்கு அப்படித்தான், பெட்ரோல் பங்க்ல பைங்கிற பேஸ்ட்ரியும் கூல்டிரிங்கும் வாங்கி சாப்பிட்டுட்டு கிளம்புவாரு, மலை ஏறுறப்ப கை நடுங்கும். இத ஒத்துக்காமைன்னு விட முடியாது, நாப்பது டன் வண்டி. இப்போ அவிச்ச முட்டையும் சீஸும் டப்பால போகுது, நடுக்கம் வந்தா ஓரம் கட்டிட்டு சரியாகிற வரைக்கும் சாவியத் தொடக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு.

எல்லாத்தையும் சாப்பாட்டு மேல பழி போடவும் கூடாது. குடிச்ச தண்ணியே வெளிய வந்துட்டா அதே நாள் டாக்டர பார்க்கணும், முதல் சில மாசத்துல இணைப்பு இடம் சுருங்கிப் போறது உண்டு, எண்டோஸ்கோப்ல பலூன் வச்சு விரிச்சு விடுவாங்க. விடாம வாந்தி எடுத்தா சில வாரத்துல வைட்டமின் பி1 தீர்ந்து நடை தள்ளாடும், கண்ணு ரெண்டு ரெண்டா தெரியும், அது நரம்ப நிரந்தரமா கெடுக்கலாம். தலைவலின்னு இபுப்ரோஃபென் வாங்கிப் போடறவங்களுக்கு, முக்கியமா பைபாஸ்காரங்களுக்கு, அல்சர் வரலாம், வலிய சாப்பாட்டு வலின்னு நினைச்சுட்டு இருப்பாங்க.

எங்க கிளினிக்ல முன்னாடி கொடுத்த டயட் ஷீட்ல கிரில்டு சிக்கனும் காட்டேஜ் சீஸும்தான் இருந்துச்சு, அத ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சுட்டு எல்லாரும் பருப்பு சாப்பிட்டாங்க. இப்போ நான் எழுதின ஷீட்ல டின் ஃபிஷ், மசூர், கீரை, இவங்க அத ஹெர்ப்ஸ்னுதான் சொல்லுவாங்க, புரட்டாசி மாசம் முழுக்க சைவமா இருக்கிறவங்களுக்கு சோயா மின்ஸும் பனீரும், விசேஷ வீட்ல பிரியாணி வந்தா அரிசிய ஒதுக்கிட்டு அதுல இருக்கிற மசூரையும் உருளைக்கிழங்கையும் புளிச்ச பாலோட எடுத்துக்கலாம்னு போட்டிருக்கேன். மாங்காய் ஊறுகாய்க்கு நேரா மட்டும் ஒண்ணும் எழுதல, சர்ஜன் கூடாதுங்கிறாரு, ஒருத்தரும் நிறுத்தினதா எனக்குத் தெரியல.