சொல்லியிருக்கலாமே தம்பி

"இத எங்க தம்பி கட்டுறது?"

தேசியக் கொடியைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த ஆயா கேட்டது இவ்வளவுதான். குத்தலாகக் கேட்கவில்லை. படுகையில் இருந்த அவர் வீட்டின் மண்சுவர் கொள்ளிடத்துத் தண்ணீரில் ஊறிச் சரிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஒரு கொடி என்று உத்தரவு. என் பட்டியலில் அவர் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. கொடுத்தேன். "ஜன்னல் கம்பியில கட்டுங்க ஆயா" என்றேன். முகாமாகியிருந்த வகுப்பறை ஜன்னலில், காய்ந்துகொண்டிருந்த சேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு, ஈரம் படாத இடமாகப் பார்த்துக் கட்டினார்.

2022 ஆகஸ்ட். மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்து, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பினால் படுகை என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுதந்திர தினத்துக்குள் பலர் வீடு திரும்பிவிட்டார்கள். சுவர் விழுந்தவர்கள் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். நான் அந்த ஊராட்சியின் செயலர். ஊரில் இன்னும் 'கிளார்க்'தான்.

14ஆம் தேதி ராத்திரி உபயதாரர் அண்ணன் போன் செய்தார். "எழுபத்தஞ்சு வருசம் ஆச்சுப்பா. அம்மனுக்கு வாணம் விடுறோம், நாட்டுக்கு விடக்கூடாதா? ஸ்கூல் திடல்லயே வெச்சிக்கலாம்."

"முகாம்ல ஆளுங்க இருக்காங்கண்ணே."

"இருக்கட்டுமே. பாவம், அதுங்களுக்கும் ஒரு சந்தோசம்."

"சரிண்ணே" என்றேன்.

இந்தச் 'சரி'யைத்தான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளம் ஏறிய முதல் ராத்திரி, தாலுகாவிலிருந்து அரிசி வருவதற்கு முன்பே இரண்டு மூட்டையும் சிலிண்டரும் அனுப்பியவர் அவர். பெயர் போடச் சொல்லவில்லை, போட்டோ கேட்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் எந்த வாயால் வேண்டாம் என்பது? அவருடைய தேசபக்தியில் கலப்படம் இருந்ததாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அதனால்தான் இது எனக்குச் சுலபமாகத் தீர மாட்டேன் என்கிறது.

15ஆம் தேதி காலை கிராம சபை. தலைவர் பேசச் சொன்னதால் நானும் பேசினேன். 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, அவர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் எச்சரித்திருந்தார். நம் ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று தெரியாது. அதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் வாணக்காரர் திடலில் குழி தோண்டும்போது கூட நின்று, வைக்கோல் போர் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் வையுங்கள் என்று இடம் காட்டியவனும் நான்தான்.

எட்டு மணிக்கு முதல் அதிர்வேட்டு.

முகாமிலிருந்து ஒரு தாத்தா பேரனைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். "கரை ஒடைஞ்சிருச்சு! ஏறுங்க, ஏறுங்க!" தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். இருட்டில் ஒரு சிறுமி விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. நான் ஓடிப்போய், "வாணம்தான் தாத்தா, சுதந்திர தினத்துக்கு" என்றேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

ஆமாம், சொல்லியிருக்கலாம். தலைவரிடம் சொன்னேன். தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். ஸ்டேஷனில் சொன்னேன். முகாமில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்கு முழுக்க வீட்டுச் சேதக் கணக்கு எழுதிக்கொண்டு அங்கேயேதான் இருந்தேன். வேலை நெருக்கடி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஒவ்வொரு குடும்பத்திடமும் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். சுவர் எத்தனை அடி, ஓடு எத்தனை, ஆடு எத்தனை. ராத்திரி வேட்டுப் போடுவோம், பயப்படாதீர்கள் என்ற ஒரு வரி மட்டும் வாயில் வரவில்லை. போடலாமா என்று அவர்களிடம் கேட்க வேண்டும் என்பதோ நினைப்பிலேயே இல்லை.

ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த கால் மணி நேரத்தில் அதே பிள்ளைகள் திடலுக்கு ஓடிவந்தார்கள். ஆகாசத்தில் பச்சையும் காவியும் பூத்தபோது "ஹோ"வென்று கத்தினார்கள். அந்த முகாமில் பிள்ளைகள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். விழுந்த சிறுமியும் மஞ்சள் அப்பிய முழங்காலோடு குதித்தாள். எனக்கும் மேல் சிலிர்த்தது. ஒரு நிமிடம் தாத்தாவை மறந்தே போனேன். அண்ணன் சொன்ன 'சந்தோசம்' பொய் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது ஆயா ஜன்னலுக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை கொடியின் முனையைப் பிடித்திருந்தது. காற்றில் அடித்துக் கிழியாமல் இருக்கவா, பயத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்தாரா, தெரியவில்லை. மறுநாள் அதை நாலாக மடித்து எடுத்து வந்து, "இத திருப்பிக் குடுக்கணுமா?" என்றார். "உங்களுக்குத்தான் ஆயா" என்றேன். ரேஷன் கார்டு இருந்த பாலிதீன் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அண்ணன் மறுபடியும் கேட்டார். முகாம் இல்லை, வெள்ளமும் இல்லை. இருந்தாலும், "வேட்டு வேணாண்ணே, மேல போய் பூக்குறது மட்டும் இருக்கட்டும்" என்றேன். ஒன்றும் கேட்காமல் ஒத்துக்கொண்டார். பாதி வாணம் முடிந்திருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தத் தாத்தா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, இந்த வருசம் அதிர்வேட்டு கெடையாதா?"