சாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு முன்னால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் யாராவது நெடுநாள் நோயில் கிடந்து இறந்துபோனால், துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் ஒருவராவது, "நாய்க்குக்கூட ஓர் ஊசி போட்டு வேதனையை முடித்துவிடுகிறார்கள், மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே" என்று சொல்லாமல் போவதில்லை. நான் டர்பனில் ஒரு விலங்கு மருத்துவமனையில் பல ஆண்டுகளாகச் செவிலியாக இருப்பவள் என்பதால், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஆமோதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என்னால் ஆமோதிக்க முடிவதில்லை. அதற்கான காரணத்தைச் சாவு வீட்டில் நின்றுகொண்டு விளக்குவது முறையும் அன்று, முடிகிற காரியமும் அன்று. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மாதங்களில் எங்களிடம் கொண்டுவரப்படும் நாய்களில் பல உண்ணிக் காய்ச்சலோடு வருகின்றன. இங்கே எல்லாரும் அதைப் பில்லியரி என்பார்கள். உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் புகும் பபீசியா என்ற ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைத்துவிடுகிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிக் கிடக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். இரத்தத்தில் 45 சதவீதம் அளவில் இருக்க வேண்டிய சிவப்பணு 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் மருந்து மட்டும் போதாது, வேறொரு நாயின் இரத்தத்தை ஏற்ற வேண்டும். நேரத்தோடு ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இரத்தம், படுக்கை, மருந்து, பரிசோதனை என்று சேரும் தொகை அரசு தரும் முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒரு தாத்தாவின் கைக்கு எட்டாதது. பணம் இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நாயின் காதைத் தடவிக்கொண்டே, "பாவம்மா, ரொம்பக் கஷ்டப்படுது, விட்டுடலாம்" என்பார். மருத்துவர் மறுத்துப் பேசமாட்டார். படிவத்தில் வேதனையைத் தவிர்ப்பதற்காக என்று எழுதப்படும். பெண்டோபார்பிடோன் மருந்தை முன்கால் இரத்தநாளத்தில் ஏற்றியதும், நாய் என் கையில் தலையைச் சாய்த்துவிடும்.

அந்தத் தாத்தாவின் துக்கத்தில் பொய் எதுவும் இல்லை. நாயின் வேதனையும் பொய் இல்லை. ஆனால் அந்த நாய் செத்தது நோயின் கடுமையால் மட்டும் அன்று, பணம் இல்லாததாலும்தான் என்பது அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டோம். எலும்புப் புற்றுநோய் முற்றிய நாய், காரில் அடிபட்டு முதுகுத்தண்டு நொறுங்கிய நாய் என்று வேறு வழியே இல்லாதவையும் வருகின்றன. அவற்றுக்கு ஊசி போடும்போது என் மனம் தடுமாறுவதில்லை. இரண்டு வகையும் ஒரே மேசையில், ஒரே மருந்தால், ஒரே காரணம் எழுதப்பட்டு முடிகின்றன என்பதுதான் என்னை உறுத்துகிறது. மனிதனுக்கும் இந்தக் கொடுப்பினை வேண்டும் என்கிறவர்கள் இரண்டாவது வகையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். முதல் வகையை அவர்கள் பார்த்ததில்லை.

மனிதர்களின் மருத்துவத்தில் இந்தப் பணக்கணக்கு ஒருமுறை நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் முன் வெளிப்படையாகவே போடப்பட்டது. வழக்குத் தொடுத்தவர் நம் டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சுப்பிரமணி. 41 வயது, வேலை இல்லை. சர்க்கரை நோயும் இதய நோயும் ஏற்கெனவே இருந்தன. 1996-இல் பக்கவாதம் வந்தது, அதே ஆண்டில் சிறுநீரகங்களும் செயலிழந்தன. தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவருக்குக் கையிருப்பு தீர்ந்ததும், அரசின் அடிங்டன் மருத்துவமனைதான் கதியாயிற்று. அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள், அவற்றிலும் சில பழுதான நிலையில் இருந்தன. ஒருவருக்கு நான்கு மணி நேரம், பிறகு இயந்திரத்தைச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் என்ற கணக்கில் 60 பேருக்குப் போதுமான இடத்தில் 85 பேரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே, நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்கே முதலிடம் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். இதய நோய் இருந்ததால் அவர் அந்த விதிக்குள் வரவில்லை.

அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்ற அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவையும், உயிர்வாழும் உரிமையையும் காட்டி அவர் வழக்காடினார். 1997 நவம்பர் 27-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் கோரிக்கையை மறுத்தது. வாரத்துக்குப் பல முறை, வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் சிகிச்சை திடீரென நேரும் அவசரம் ஆகாது என்றும், போதாத பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று நேர்மையாகவும் அறிவுக்குப் பொருத்தமாகவும் எடுக்கப்பட்ட முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்றும் நீதிமன்றத்தின் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் எழுதினார். மாகாணச் சுகாதாரத் துறை அந்த நிதியாண்டில் ஒதுக்கப்பட்டதைவிட 700 மில்லியன் ராண்ட் கூடுதலாகச் செலவாகும் என்று எதிர்பார்த்திருந்த நேரம் அது. தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே சுப்பிரமணி இறந்துவிட்டார்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் கசந்துதான் வரும். நமக்கு ஓட்டுரிமை வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். புதிய சட்டம் எல்லாருக்கும் எல்லாம் தரும் என்ற நம்பிக்கை அப்போதுதான் துளிர்த்திருந்தது. அந்தக் கசப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது என் கருத்து. எத்தனை இயந்திரம், எத்தனை பேர், எவ்வளவு பற்றாக்குறை என்று எல்லாமே எழுத்தில் இருக்கின்றன. இயந்திரம் போதவில்லை என்பதுதான் மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். அவருடைய நன்மைக்காகத்தான் மறுக்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. காரணம் வெளியே தெரிந்தால்தான் அதை எதிர்த்துப் பேச முடியும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2002-இல், எய்ட்ஸ் கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தைச் சில மருத்துவமனைகளில் மட்டும் தருவோம் என்று அரசு பிடிவாதம் பிடித்தபோது, அதே நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. அந்த மருந்தை உற்பத்தியாளரே இலவசமாகத் தர முன்வந்திருந்ததால், பணம் இல்லை என்ற காரணம் அங்கே நிற்கவில்லை.

என் பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் போனபோது இவையெல்லாம் எனக்குப் புத்தக அறிவாகத்தான் இருந்தன. ஓர் அரசு மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்து, குழு கூடி முடிவெடுத்து, நீண்டகால டயாலிசிஸ் தர இயலாது என்று சொன்னார்கள். வயதும் இதயமும் அவருக்கு எதிராக இருந்தன. சொன்ன இளம் மருத்துவர் நின்றபடி சொல்லிவிட்டுப் போகாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரியம்மா கேட்ட அதே கேள்விக்கு மூன்று முறை பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையை நான் மறக்கமாட்டேன். பெரியப்பா வீட்டுக்கு வந்தார். தண்ணீர் அளவோடுதான் குடிக்கலாம் என்பதால் ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்வார். இரவில் படுத்தால் மூச்சுத் திணறும், உட்கார்ந்தபடியே தூங்குவார். தோல் முழுவதும் ஓயாத அரிப்பு. முதுகைச் சொறிந்துவிட பெரியம்மா ஒரு மரச்சீப்பை வைத்திருந்தார்.

அந்த நாள்களில் அவர் சாவைக் கேட்கவில்லை. அவர் கேட்டது டயாலிசிஸ். அது கிடைக்காது என்று உறுதியான பிறகு, தனியாரில் செய்வதற்காகப் பிள்ளைகள் காரை விற்கலாமா, வீட்டின் மேல் கடன் வாங்கலாமா என்று முன்னறையில் பேசியதைக் கேட்ட அன்றுதான், "எனக்காக ஒன்றும் விற்க வேண்டாம், நான் போய்விடுகிறேன்" என்றார். அப்போது இந்த நாட்டில் சட்டப்படி ஓர் ஊசி கிடைத்திருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாங்க முடியாத வேதனை என்றுதான் படிவத்தில் காரணம் எழுதப்பட்டிருக்கும். பில்லியரி வந்த நாயோடு எங்கள் மருத்துவமனைக்கு வரும் தாத்தாக்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பணம் இல்லை என்பதை வேதனை என்று மாற்றிச் சொல்வது எவ்வளவு எளிது, அதை எல்லாரும் எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறோம் என்பதை அந்த மேசையின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் ராபின் ஸ்டிரான்ஷாம்-ஃபோர்டு புற்றுநோய் முற்றிய நிலையில், மருத்துவர் உதவியோடு இறக்க அனுமதி கேட்டு பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஏப்ரல் 30-இல் நீதிபதி ஹான்ஸ் ஃபாப்ரிசியஸ் அனுமதி தந்தார்; ஆனால் ஆணை பிறப்பிக்கப்படுவதற்குச் சற்று முன்பே ஸ்டிரான்ஷாம்-ஃபோர்டு இறந்திருந்தார். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதற்கு வெகு முன்பே, 1998-இல், சட்ட ஆணையம் இது குறித்து விரிவான அறிக்கை ஒன்றைத் தயாரித்திருந்தும் பாராளுமன்றம் சட்டம் எதுவும் இயற்றவில்லை. தெளிந்த அறிவோடு, எல்லாச் சிகிச்சையும் பார்த்துவிட்டு, இனிப் போதும் என்று சொல்லும் ஒருவரைக் கட்டாயமாக வேதனையில் வைத்திருப்பது கொடுமை என்கிறவர்களுக்கு என்னிடம் எளிதான மறுமொழி இல்லை. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை டயாலிசிஸ் மறுக்கப்பட்டவரின் வாசலுக்கு வரும்போது வேறாகிவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் மக்களில் பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமை நமக்கு இன்றே இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவர் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். அது தற்கொலையும் ஆகாது, மருத்துவருக்குக் குற்றமும் ஆகாது. 1992-இல் நம் டர்பன் நீதிமன்றத்திலேயே, பல ஆண்டுகளாக உணர்வின்றிக் கிடந்த ஒரு மருத்துவருக்குக் குழாய் வழியாக உணவு தருவதை நிறுத்த அவர் மனைவி அனுமதி கேட்டார். அது சட்டத்துக்கு மாறான செயல் ஆகாது என்று நீதிபதி திரியன் தீர்ப்பளித்தார். அந்த மருத்துவர் நல்ல நிலையில் இருந்த காலத்திலேயே தம் விருப்பத்தை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தார். நம் வீடுகளில் இதை எழுதுவது அபசகுனம் என்கிறார்கள். பேச்சு நின்றுபோன பிறகு பிள்ளைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று ஒருவரோடொருவர் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெறிநோயைப் பற்றிச் சொல்லாமல் விட என் தொழில் இடம் தராது. நாயும் மனிதனும் உண்மையாகவே ஒரே நிலையில் நிற்கும் நோய் அது. மொசாம்பிக்கிலிருந்து 1976-இல் நம் மாகாணத்துக்குள் வந்தது, இன்னும் போகவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் நாயைக் கொன்று மூளையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். கடிபட்ட குழந்தைக்கு அறிகுறி தோன்றிவிட்டால், மயக்க மருந்து கொடுத்து வேதனை தெரியாமல் வைத்திருப்பதைத் தவிர எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய முடியாது. இயந்திரத்துக்கு வரிசை இல்லை, குழு இல்லை, வழக்கு இல்லை. தெருவில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டிருந்தால், கடித்த உடனே காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவி ஊசிகளைத் தவறாமல் போட்டிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும். சிறுநீரகமும் ஏறக்குறைய அப்படித்தான். பெரியப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தது பல ஆண்டுகளாகத் தெரியும். மாத்திரை வாங்க விடியற்காலையில் வரிசையில் நின்று, மருந்து வரவில்லை என்று திரும்பி வந்த நாள்களும் உண்டு. மாத்திரைக்கு நின்ற அந்த வரிசையில்தான் அவருடைய டயாலிசிஸ் முடிவாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசி வாரங்களில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்பின் செவிலி ஒருவர் வீட்டுக்கு வந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடலில் மார்ஃபின் என்ற வலி மருந்தின் கழிவு தேங்கிவிடும் என்பதால் அதை மிகச் சிறிய அளவில், நேரம் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அரிப்புக்கு வேறு மாத்திரை கொண்டுவந்தார். அவர் வர ஆரம்பித்த பிறகு பெரியப்பா "நான் போய்விடுகிறேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன், இவருக்கு ஆயிற்று.

ஆகவே மருத்துவர் உதவியோடு இறக்க அனுமதிக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் என்றாவது விவாதத்துக்கு வந்தால், பணம் இல்லாததால் சிகிச்சை மறுக்கப்பட்ட ஒருவர் இந்த ஊசியைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அவருக்குத் தரமாட்டோம் என்றால், பணமுள்ளவருக்கு மட்டும் உள்ள உரிமை ஆகிவிடும். தருவோம் என்றால், எங்கள் மருத்துவமனையில் நடப்பது அவர் வீட்டிலும் நடக்கும். அந்த ஹாஸ்பிஸ் செவிலியைப் போல் ஒருவர் சாட்ஸ்வொர்த்திலும் உம்லாசியிலும் மலைப்பக்கத்துக் கிராமங்களிலும் கூப்பிட்டால் வருவார் என்ற நிலை ஏற்படும்வரை, அந்தச் சட்டத்துக்கு நான் ஆதரவு தரமாட்டேன்.