அப்பாவின் துப்பாக்கி என் பெயருக்கு மாற 14 மாதம்

போன செவ்வாய்க்கிழமை மதியம் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. அந்த 14 மாதமும் அது போலிஸ் கிடங்கில், கழுத்தில் அட்டை கட்டிக்கொண்டு நின்றது. என்னைப் போல் தகப்பன் பெயரில் இருக்கும் செனாப்பாங் பத்தாவை (மடக்கித் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி) மாற்ற வேண்டியவர்கள் மலேசியத் தோட்டப்புறங்களில் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் அலைந்தது அவர்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளர்) இருந்தவர். வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் 6 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வாங்கினார். பன்றித் தொல்லைக்காகத்தான் உரிமம் எடுத்தார். ஒற்றைக் குழல், 12 போர். மரம் பெரிதாக இருந்த வருடங்களில் அதை எடுத்ததே குறைவு. இரண்டு வருடத்துக்கு முன் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தோம். இளங்கன்றைப் பன்றி என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணைக் கிளறிக் கன்றைச் சாய்த்து, நடுக் குருத்தை மட்டும் மென்றுவிட்டுப் போகும். குருத்து போனால் கன்று போனது போலத்தான். ஒரே ராத்திரியில் 11 கன்று போன காலையில், அப்பா ஒன்றும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அதற்கு இரண்டு மாதம் கழித்து அவரும் போய்விட்டார்.

முதல் தவறு அங்கேயே நடந்தது. கருமாதி முடியட்டும் என்று இருந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் மாமா வந்து கேட்டார்.

"துப்பாக்கி எங்கடா?"

"அலமாரியிலதான் மாமா."

"உரிமம் உங்கப்பாவோட போயிருச்சு. இப்ப அது உன் வீட்டுல இருக்கறது உனக்குத்தான் ஆபத்து. போலிஸ் பாலாய்க்கு போன் போடு."

மாமா சொன்னது முழுக்கச் சரி. துப்பாக்கி உரிமம் நிலத்தைப் போல, நகையைப் போல பிள்ளைக்கு இறங்காது. எழுதியிருக்கும் ஆளுக்கு மட்டும்தான் அது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 1971-ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 ரோத்தான் (பிரம்பு) அடி. துக்க வீடு என்று யாரும் வந்து நம்மிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதைக் காரில் வைத்து நானே கொண்டுபோகவும் இல்லை. போன் செய்து விவரம் சொன்னேன். இரண்டு கான்ஸ்டபிள்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோகிறேன் என்பதை எப்படி நிரூபிப்பது?

அவர்கள் எழுதிக் கொடுத்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். படிக்கவில்லை. அந்த ஒரு நிமிடச் சோம்பலுக்கு மூன்று நடை கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாவட்ட போலிஸ் அலுவலகத்தில் உரிமம் பார்க்கும் முகப்புக்குப் போனேன். எங்கள் பட்டணத்திலிருந்து 40 நிமிடம். நான் போன முதல் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை 12.15-க்கு மூடினால் 2.45-க்குத்தான் திறப்பார்கள் என்பது பிறந்ததிலிருந்து தெரியும், ஆனாலும் 12.20-க்குப் போய் நின்றேன். காத்திருந்து மூன்று மணிக்கு உள்ளே போனால், ஆயுதப் பிரிவு சார்ஜன் ஒரு வாரம் கோர்ஸுக்குப் போயிருக்கிறார், கோப்பு அலமாரிச் சாவியும் அவரோடு போய்விட்டது என்றார் கிராணி (எழுத்தர்). போன் செய்து கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் போனேன். ஆனால் போனில் "இருக்கிறார், வாங்க" என்று சொல்லிவிட்டு, போனால் இல்லாத நாளும் உண்டு.

அடுத்த நடையில்தான் பெரிய இடி. பயிர்க் காவலுக்கு என்று கேட்டால் பயிர் உன்னுடையது என்று காட்ட வேண்டும். கேரானை, அதாவது நிலப் பட்டாவை, கொடுத்தேன். கிராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தக் போலே, ஆனே" (முடியாது, அண்ணே) என்றார். கேரான் அப்பா பெயரில். செத்தவருக்குப் பயிர்க் காவல் எதற்கு என்பதுபோல இருந்தது அவர் பார்வை. வாயால் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்றது.

ஆகவே துப்பாக்கிக்கு முன் நிலம். நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பகிர்வுக்கு போரங் ஏ (ஏ படிவம்) எழுதிப் போட்டோம். அம்மா, ஜோகூரில் இருக்கும் அக்கா, நான் மூவரும் விசாரணைக்குப் போய், நிலம் என் பெயருக்கு என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். சண்டை இல்லாத குடும்பம் என்பதால் அது சுலபமாக முடிந்தது. ஆனால் முடிய ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் துப்பாக்கி விஷயத்தில் ஒரு துரும்பும் நகரவில்லை. அப்பாவோ அம்மாவோ இறந்து, நிலமும் துப்பாக்கியும் இரண்டுமே அவர்கள் பெயரில் இருந்தால், முதல் வாரமே நில அலுவலகத்தில் போரங் ஏ போட்டுவிடுங்கள். பகிர்வு உத்தரவு போரங் இ என்ற தாளில் வரும். கேரானில் பெயர் மாறும் வரை அந்தத் தாளின் சான்றுபெற்ற நகலையே முகப்பில் வாங்கிக்கொண்டார்கள், என் விஷயத்தில்.

இந்த இடைவெளியில்தான் ஒரு ஆசை காட்டினார்கள். சாப்பாட்டுக்கடையில் ஒரு தம்பி, "ஏண்ணே இவ்வளவு அலைச்சல்? ஒரு காற்று ரைபிள் வாங்கிருங்க, பம்ப்போட வருது, அதுக்கு லைசென்ஸ் எதுக்கு?" என்றான். இதைச் சொல்பவர்கள் அதிகம், தயவுசெய்து கேட்காதீர்கள். நம் ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். பம்ப், சிலிண்டர், அமுக்கமானி எல்லாம் இணையத்தில் தாராளமாகக் கிடைப்பதால் துப்பாக்கியும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சொந்தத்தில் அண்ணன் முறை ஆகும் ஒருவரின் மகள் சங்கத்தில் சேர்ந்து 10 மீட்டர் காற்று ரைபிள் சுடுகிறாள். அவளோடு போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே அடைக்கும் காற்று 200 பார். கார் டயரில் இருப்பது 2 பாருக்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட 90 மடங்கு. அந்தச் சிலிண்டரை வருடா வருடம் உள்ளே பார்த்து, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ரப்பர் வளையத்துக்கு சிலிகோன் கிரீஸ் தவிர வேறு எதையும் தொடவிட மாட்டார் பயிற்சியாளர். சாதா எண்ணெய் அந்த அழுத்தத்தில் தீப்பிடிக்கும். அவ்வளவு கவனமாகக் கையாளும் பொருளை விளையாட்டுச் சாமான் போல வாங்கிப் பரணில் வைப்பது எனக்குப் புரியவில்லை. அதுவும் தாள் அட்டையில் ஓட்டை போடச் செய்த சன்னக் குண்டு பன்றியைக் கொல்லாது. காயத்தோடு புதருக்குள் ஓடி நாலு நாள் கிடந்து சாகும். அப்பா இருந்திருந்தால் அந்தப் பையனைக் கடையிலேயே திட்டியிருப்பார்.

சரி, நிலத்தாள் வந்தது. கோப்பு நகரத் தொடங்கியது. இப்போது ரசீது விஷயம்.

உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண் 308 என்று முடிகிறது. ரசீதில் 303. "இது அந்தத் துப்பாக்கி இல்லையே" என்றார் சார்ஜன். எனக்குக் கை நடுங்கியது. எண் பொருந்தாத துப்பாக்கி என்றால் அது யாருடையது, அப்பாவுடையது எங்கே போயிற்று என்ற கேள்வி வரும். கிடங்கில் போய்ப் பார்க்கலாமே என்றேன். கிடங்குப் பொறுப்பாளர் இல்லை. மறுபடி வந்தேன். பூட்டு மாற்றுகிறார்கள் என்றார்கள். மூன்றாம் தடவை போகும்போது பையில் மகளின் பள்ளிச் சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துப் போனேன்.

துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். கழுத்தில் ராஃபியா கயிற்றில் அட்டை. அதில் அப்பாவின் பெயர், ஒரு எழுத்து தப்பாக. கட்டையில் அவர் கன்னம் படும் இடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து பளபளவென்று இருந்தது. எண் பொறித்த இடம் துரு ஏறி, கடைசி இலக்கத்தின் இடப்பக்கம் நிரம்பிப் போயிருந்தது. யார் பார்த்தாலும் 3 என்றுதான் படிப்பார்கள். கான்ஸ்டபிள் மேல் தப்பில்லை. சார்ஜனிடம் அனுமதி கேட்டேன். அவரே துணியால் துடைத்தார். நான் சுண்ணக்கட்டியை அந்த இடத்தில் குறுக்கே தேய்த்தேன். விரலால் லேசாக மேலே துடைத்ததும், பள்ளத்தில் நின்ற வெள்ளை மட்டும் மிஞ்சியது. இரண்டு முழு வட்டம். 8.

சார்ஜன் குனிந்து பார்த்தார், போனில் படம் எடுத்தார், "லாப்பான்" (எட்டு) என்று எழுதி முத்திரை குத்தினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அதனால் சொல்கிறேன்: ஒப்படைக்கும் அன்றே எண்ணை நீங்களே படித்து, உரிமப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, ரசீதில் அதே இலக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தோட்டா எண்ணிக்கையையும் அப்படியே.

தோட்டாவும் ஒரு கதை ஆனது. அப்பா கடைசியாக வாங்கியது 25 என்று புத்தகத்தில் பதிவு இருக்கிறது. ஒப்படைத்தது 7. மிச்சம் 18 எங்கே என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா சாமி மேடைக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். சுட்ட தோட்டாவின் காலி உறைகள். எண்ணினோம், 18. "ஒண்ணு சுட்டா ஒண்ணு கொண்டாந்து போடுவாரு. தொடாதேன்னு சொல்லுவாரு" என்றார் அம்மா. டின்னோடு கொண்டுபோய் முகப்பில் வைத்தேன். கிராணி எண்ணிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

பேட்டியில் எதிர்பாராத ஒரு கேள்வி வந்தது. 2021 கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்துக்கு வந்த பிறகு காட்டுப்பன்றி குறைந்துவிட்டதே, உனக்கு எதற்குத் துப்பாக்கி என்றார் அதிகாரி. நியாயமான கேள்விதான், எங்கள் பக்கமும் ஒரு வருடம் போல ஒரு குளம்புத் தடம்கூடக் காணவில்லை. நல்ல வேளை, கன்று போன அன்று எடுத்த படங்கள் தேதியோடு போனில் இருந்தன. பக்கத்துத் தோட்டக்காரரும் பெங்ஹூலுவும் (வட்டாரத் தலைவர்) கொடுத்த கடிதங்களும் இருந்தன. சேதம் ஆனால் முதலில் படம் எடுங்கள், பிறகு கன்றை நிமிர்த்துங்கள்.

மற்றபடி இரும்புப் பெட்டியைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியதை வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். கோப்பு மாநில போலிஸ் தலைவருக்குப் போனது. உரிமம் கொடுப்பது அவர்தான். மூன்று மாதம் சத்தமில்லை. பிறகு கடிதம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நான் நடுவில் ஒருநாள் புலம்பியபோது, கடையில் இருந்த வயதான அண்ணன் ஒருவர் 1948-ஐ நினைவூட்டினார். ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம், 1960 வரை; மக்களைக் கம்பி வேலிக்குள் குடியமர்த்திய காலம். இந்தச் சட்டமும் 1960-தான். "கம்பி வேலிக்குள்ள கஞ்சி குடிச்சவங்க நாங்க. துப்பாக்கிக்குத் தாள் கேட்டா கேக்கட்டும்" என்றார். அதற்கு மேல் நான் புலம்பவில்லை. ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு கோர்ஸுக்குப் போவதற்கும் அவசரகாலத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. துப்பாக்கி உரிமம் கைக்கு வந்தால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதற்கு பெர்ஹிலித்தானில் (வனவிலங்குத் துறை) தனி உரிமம் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை அங்கே போகிறேன். ஐசி (அடையாள அட்டை), போரங் இ, புது உரிமம், மூன்றிலும் மும்மூன்று நகல் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டேன். போனும் செய்துவிட்டேன், அதிகாரி இருக்கிறாராம்.

செவ்வாய்க்கிழமை துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும் முன், அம்மா அந்த அட்டையை அவிழ்த்துத் தரச் சொன்னார். ராஃபியா முடிச்சை வெட்டாமல் நகத்தால் மெதுவாகப் பிரித்துக் கொடுத்தேன். தப்பாக எழுதியிருந்த எழுத்தை அம்மா பேனாவால் திருத்தினார். அதைக் காலி உறைகளோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்.